பளபளவென்று திரும்பி வந்த வாஃபிள் அச்சு

இன்று காலை என் வாஃபிள் அச்சு வீடு திரும்பியது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வால்பாறைத் தோட்டத்துத் துரை கப்பலேறும்போது, அங்கே குமாஸ்தாவாக இருக்கும் என் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. அண்ணன் எனக்குத் தந்தார். இரண்டு இரும்புத் தட்டுகள், உள்ளே கட்டம் கட்டமாகக் குழிகள்; நடுவே மாவு ஊற்றி மூடிச் சுட்டால் வாஃபிள் என்கிற வெள்ளைக்காரப் பலகாரம். எண்ணெய் தடவித் தடவிக் கரியடுப்பில் மூன்று மாதம் பழக்கி, மாவு ஒட்டாத கருப்புக்குக் கொண்டு வந்திருந்தேன்.

பக்கத்து வீட்டுச் சரசக்கா நேற்று இரவல் வாங்கிப் போனார். இன்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெள்ளிப் பாத்திரம் போலக் கொண்டு வந்தார். வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று குழி நிறைய நாட்டுச் சர்க்கரை வேறு.

"இத்தன நாளா இந்தக் கரியோடயே சுட்டுட்டு இருந்தீங்களா அம்மணி? பாவமுங்க. கை வலிக்க வலிக்கத் தேச்சுப்போட்டேன்."

முகத்தில் அத்தனை பூரிப்பு. அச்சை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"ரொம்பச் சந்தோசமுங்க அக்கா."

அவர் போனதும் ஒன்று சுட்டேன். மேல் தட்டில் பாதி ஒட்டிக்கொண்டது, கீழ்த் தட்டில் பாதி. ஈர்க்குச்சியால் குழி குழியாகச் சுரண்டி எடுத்து, அவர் தந்த சர்க்கரையையே தூவித் தின்றேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

சரசக்காவின் தோசைக்கல் இருபது வருஷக் கருப்பு. அடுத்த வாரம் அதை இரவல் கேட்கலாம் என்றிருக்கிறேன். தேய்த்துக் கொடுக்கலாமா, வேண்டாமா? நம் கையெழுத்துப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வரும்போது இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள்.

கல்லோடு சேர்த்துக் கொடுக்க வெல்லம் வாங்கியாயிற்று.