நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு

தெருவில் அவளுக்குப் பெயர் பிரஷர் அக்கா. தோளில் ஒரு பை, பைக்குள் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி. பதினோரு வருஷமாகச் சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். உப்பைக் குறையுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்ததுதான் மிச்சம்.

பெரிய தெருவில் பிரஷர் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், ஆலைக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் வந்தால் செத்துப் போகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வைப் போக்கத்தான் திட்டமே. நல்ல திட்டம், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள் போகச் சொன்னார்கள். வரிசை வீட்டுக்காரர்கள் விடியுமுன் கதவைப் பூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பகலில் அங்கே இருப்பவை பூனைகள். பூனைக்கு பிரஷர் பார்க்கத் திட்டத்தில் இடமில்லை.

முதலில் படிவத்தில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று ஒரு கட்டம் இருந்தது. வரிசை வீடு முழுக்க அதில் போய் உட்கார்ந்துகொண்டது. மேலிடத்துக்கு அசிங்கமாகப் போய்விட்டது. அடுத்த வருஷம் கட்டத்தையே தூக்கிவிட்டார்கள்.

“சாயந்திரம் போறேன் சார், கருவியை மட்டும் விடுங்க” என்று மேற்பார்வையாளரிடம் இரண்டு தடவை கேட்டாள்.

“நாலு மணிக்குக் கருவி இங்க வந்தாகணும். தொலைஞ்சா யாரு பதில் சொல்றது? எந்தக் கட்டமும் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எல்லாத்தையும் வாயைத் திறந்து சொல்லணுமாம்மா?”

சொல்லாமலே புரிந்துகொண்டாள், மற்ற அக்காமார்களைப் போல. பூட்டிய வீடுகளுக்கு நாமே ஒரு எண் போட்டுவிட வேண்டியதுதான். எல்லாருக்கும் ஒரே எண் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று முன்னே பின்னே மாற்றிப் போடுவாள். இதற்கெல்லாம் மூளை வேலை செய்யும் நமக்கு.

அவளுடைய தங்கையும் வரிசை வீட்டில்தான் இருந்தாள். தையல் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவு. தங்கைக்கு நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு போட்டாள். நாற்பதைத் தாண்டாத உடம்பு, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று நினைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“உனக்கு பிரஷர் பார்த்தாச்சுடி. நல்லாத்தான் இருக்கு.”

“கையைத் தொடாமலே பார்த்துட்டியா? பெரிய டாக்டர்தான் போ.”

மூன்று மாதம் கழித்து, இஸ்திரி மேசையிலேயே தங்கை சரிந்து விழுந்தாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ரத்த அழுத்தம் ரொம்ப நாளாகவே ஏறிக் கிடந்திருக்கிறது என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்.

தங்கை வீட்டுக்காரர் மூட்டை தூக்குகிறவர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இவளைத்தான் தேற்றினார்.

“நீங்க பார்த்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு அண்ணி. நடுவுல வந்து தொலைச்சிருக்கு. நீங்க மனசை விட்டுடாதீங்க.”

அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

விழுவதற்கு முந்தின வாரம் தலைவலி என்று தங்கை அரை நாள் லீவு போட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அங்கேயாவது பார்த்திருப்பார்களே என்று மறுநாள் நர்ஸிடம் போய் நின்றாள். பழியில் பாதியையாவது இறக்கிவைக்க இடம் தேடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அன்னிக்கு எண்பது பேர் வரிசைல நின்னாங்க” என்றாள் நர்ஸ். “கம்ப்யூட்டர்ல நீங்க போட்ட எண் நல்லாவே இருந்துச்சு. ஆனாலும் உங்க தங்கச்சிகிட்ட கேட்டேன். உங்க அக்கா நேர்ல பார்த்துத்தான் எழுதினாங்களா, இல்ல நான் ஒருதடவை பார்த்துடட்டுமான்னு.”

“அதுக்கு என்ன சொன்னா?”

“அக்கா வீட்டுக்கே வந்து பார்த்தாங்க, நீங்க பார்க்க வேணாம்னுட்டாங்க. தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.”

அக்கா தன் கையைத் தொடவே இல்லை என்று தங்கைக்குத் தெரியும். நர்ஸ் பார்த்து எண் வேறாக வந்தால் அக்காவின் வேலை போய்விடும் என்பதும் தெரியும்.

“நான் பார்க்கலை” என்றாள் பிரஷர் அக்கா.

நர்ஸ் அடுத்த சீட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.