அருவிக்கு முன்னால் நிற்கிறவர்கள்

இன்று பாஸ்போர்ட் போட்டோ எடுக்க திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர். இறந்துபோன மகனின் நினைவுப் பூசைக்குப் பெரிய படம் வேண்டுமென்று அவனுடைய காலேஜ் ஐடி கார்டைக் கொடுத்திருந்தார்.

ஸ்டுடியோக்காரர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கோட்டு மாட்டி, பின்னால் கொடைக்கானல் மலைரோட்டு அருவியை வைத்து மானிட்டரைத் திருப்பிக் காட்டினார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

பெரியவர் மானிட்டருக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"அந்தத் தண்ணி வேணாம் அப்பு."

"நல்லாத்தானய்யா இருக்கு. எல்லாரும் இதத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

"டூர் பஸ்ஸ அங்கனதான் நிப்பாட்டிருக்காங்க. அந்தப் பாறையில ஏறித்தான் வழுக்கி விழுந்தான்."

ஸ்டுடியோக்காரர் அருவியை அழித்துவிட்டு வெறும் நீலத்தை வைத்தார்.

"ம். இப்பப் பாக்க முடியுது" என்றார் பெரியவர்.

அவர் போனபிறகு சுவரைப் பார்த்தேன். சாம்பிளுக்கு மாட்டியிருந்த இறந்தவர்கள் அத்தனை பேருக்கும் பின்னால் அதே அருவிதான் கொட்டுகிறது. அதில் பாதிப் பேர் உயிரோடு இருந்தவரை கீழே இருக்கிற கொடைரோடு ஸ்டேஷனைத் தாண்டி மலை ஏறியிருக்க மாட்டார்கள்.

உங்கள் ஊர் ஸ்டுடியோவில் இறந்தவர்களை எங்கே நிற்க வைக்கிறார்கள்? சொல்லுங்கள். எனக்கு வெறும் நீலம் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.