கட்டண்ணனின் வினைச்சொற்கள்

நோயாளியின் காலில் போட்ட மாவுக்கட்டு இறுகுவதற்குள் கட்டண்ணன் ஒரு கிரேக்க வினைச்சொல்லை ஆறு விதமாகச் சொல்லி முடித்துவிடுவார். உதடு மட்டும் அசையும். படுத்திருப்பவர் தனக்காகத்தான் ஜெபம் நடக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்வார். அண்ணன் திருத்துவதில்லை. "நல்லதாத்தானே நினைக்கிறாங்க, இருந்துட்டுப் போகட்டும்."

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வேலை. பெயர் அப்படி வந்தது. புதிய ஏற்பாடு முதலில் கிரேக்கத்தில் எழுதப்பட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த மொழியை விடவில்லை. அதிலும் வினைச்சொல் மட்டும்தான். "பெயர்ச்சொல் சும்மா உட்கார்ந்திருக்கும்டா. வேலைக்குப் போறது வினைச்சொல்தான்." அகராதியின் முதுகு பிய்ந்தபோது அதற்கும் மாவுத்துணியைச் சுற்றிவிட்டார். அது எந்தப் பையிலும் அடங்காமல் போகவே, குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார்.

அகராதி சொல்லும் பொருள் அவருக்குப் போதாது. அந்த வேலையைச் செய்கிறவரைத் தேடிப் போவார். கண்ணீரைத் துடைப்பது பற்றி ஒரு வசனம் வந்ததும், வார்டு துடைக்கிற அக்காவிடம் போய் நின்றார். "ஒரு தடவை துடைச்சா போயிடுமா, மறுபடி மறுபடி துடைக்கணுமா?"

"இதைச் சொல்ல நானும் கிரேக்கம் படிக்கணுமாண்ணே?" என்று அந்த அக்கா சிரித்ததையும் சேர்த்தே நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாலு வருடமாக அண்ணனைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து இதையெல்லாம் கேட்டவன் வேன் டிரைவர். ஞாயிறு மாலை வேத வாசிப்புக் குழுவினரை வீடுவீடாக ஏற்றி வருவது அவன் பொறுப்பு. இரண்டு மாதம் முன்பு குடித்துவிட்டு வண்டியை எடுத்தான். சுவரில் மோதியதில், குழுவுக்கு வந்துகொண்டிருந்த டீச்சரம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. தினமும் வேலை முடிந்து அண்ணன் அவன் வீட்டுக்கு வருவார். ஒரு வினைச்சொல்லை ஒப்பித்துவிட்டுப் போவார். குடியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த அரைமணி நேரத்தை நம்பித்தான் மிச்ச நாளை அவன் கடத்தினான். வண்டிச் சாவியைத் திரும்ப எதிர்பார்க்கவில்லை. குழுவில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தான்.

போன ஞாயிறு குழு கூடியபோது அவனை அழைத்து வாசலோரம் நிற்க வைத்தார்கள். முழுதாகத் திருந்திய பிறகு வரலாம் என்று குழுவின் செயலாளர் எழுதிய கடிதம் மேசையில் இருந்தது. அண்ணனும் டீச்சரம்மாவும்தான் இன்னும் கையெழுத்திடவில்லை.

"தவறினவனைச் சீர்ப்படுத்துங்கன்னு வேதத்துலயே இருக்கு. அதைத்தான் பண்றோம்" என்றார் செயலாளர்.

"அங்க இருக்கிற வினைச்சொல்லு, கிழிஞ்ச வலையைச் சரிபண்றதுக்கும் வரும், விலகின எலும்பைச் சேர்க்கிறதுக்கும் வரும். சேர்ந்துட்டு வான்னு எலும்புக்கு லெட்டரா போடுறோம் சார்?" என்றார் அண்ணன்.

யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"எலும்பு சேர ரெண்டு ஆள் வேணும். டாக்டர் இழுப்பாரு. இருபது வருஷமா நான் பிடிக்கிற ஆளு." அண்ணன் எழுந்துபோய் டிரைவரின் முழங்கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். "முன்கையை யாரு பிடிக்கிறது?"

டிரைவர் தரையைப் பார்த்தான். 'விட்ருங்கண்ணே' என்று முணுமுணுத்தான்.

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. டீச்சரம்மா. கட்டுப் பிரித்துப் பத்து நாள்கூட ஆகாத, தோலுரிந்து வெளுத்த கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"விடலாம்னு தோணுறப்ப, அதுக்கு மேல இன்னும் கொஞ்ச நேரம் டீச்சர்."

"அப்படின்னா உட்கார்ந்தே பிடிப்போம். முட்டி வலிக்குது."

மூவரும் அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். செயலாளர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்ல டிரைவர் வாயெடுத்தான்.

"என் கை ரெண்டும் வேலையா இருக்குடா. நீயே வாசி" என்று சொல்லி, அண்ணன் தன் முன்னால் விரித்திருந்த வேதத்தை முழங்கையால் அவன் பக்கம் தள்ளிவிட்டார்.