அமத்துங்க என்றேன், அமுங்கியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், முனி, காத்துக்கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாடசாமிக்குக் கெடா வெட்டினால் சோறு தின்ன மட்டும்தான் போவேன். புது வண்டி எடுத்தவன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால், "பிரேக்கையும் ஒருக்கா பாத்துக்கடா" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் நான். பூண்டுலோயாவில் கராஜ் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பும் கிரீசும்தான். அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன் என்றால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு வேண்டுமானால் சிரியுங்கள், என் பெண்டாட்டியே சிரித்தாள்.

சந்தனம் அண்ணனிடம் ஒரு பழைய மைனர் கார் இருக்கிறது. வெள்ளைக்கார துரைமார் காலத்து வண்டி, கறுப்பு நிறம். அதில் வாடகைக்கு ஹயர் ஓடித்தான் அவர் பிள்ளைகளைக் கரையேற்றினார். தோட்டத்தில் பிரசவம் என்றாலும் கல்யாணம் என்றாலும் அந்தக் கார்தான் வந்து நிற்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்து, ஏற்றத்தில் உறுமுமே தவிர நகராமல் போனதும், லயத்து வீட்டுக்குப் பக்கத்தில் தாட்டுச் சீலையைப் போட்டு மூடி வைத்துவிட்டார். அதற்குள் அவர் சம்சாரம் லெச்சுமி அக்காவுக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி, முற்றி, நுவரெலியா ஆஸ்பத்திரியில் இடது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்தும் பிரயோசனமில்லை. விஷம் மேலே ஏறிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேன் பிடித்துக் கூட்டிவரலாம்தான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வேன்ல படுக்கவச்சா பொணம் வர்ற மாதிரி இருக்கும். நம்ம கார்ல முன்சீட்ல உக்காந்துதான் வருவேன்" என்று ஒரே பிடிவாதம். அண்ணன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றார். மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, சீக்கிரம் முடிச்சிரு. அவ உசுரோட ஏறி உக்காரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அந்தக் காலத்து வண்டிக்குச் சாமான் சும்மா கிடைக்குமா? கொழும்பில் பழைய சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்து ஒரு பிளேட் எடுத்துவந்தேன். கியர்பொக்ஸை இறக்கி, பிளேட்டை மாற்றி, திரும்ப ஏற்றி முடித்தபோது பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இனி அட்ஜஸ்ட் பண்ணுவது மட்டும்தான் பாக்கி. அந்த வேலையைத் தனியாளாகச் செய்ய முடியாது. பின்சக்கரம் இரண்டையும் தூக்கி வைத்து, கியரைப் போட்டுவிட்டு நான் அடியில் படுத்துக்கொள்வேன், மேலே ஒருவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்ச் பெடலை இடது காலால் மிதிக்கவேண்டும். மிதித்தால் அடியிலே லீவர் நகரும், ஷாஃப்ட் கையால் சுற்றுகிற அளவுக்கு லேசாகும். மேலே இருப்பவரை எனக்குத் தெரியாது, அந்த லீவர்தான் தெரியும். அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

சரியாக அப்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை என்றால் உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். "அமத்துங்க!" லீவர் நகர்ந்தது. "விடுங்க!" திரும்பியது. நட்டைக் கொஞ்சம் முறுக்குவேன், மறுபடி அமத்தச் சொல்வேன். ஒன்று சொல்லவேண்டும், அண்ணன் டிரைவர் கால், சட்டென்று மிதித்துச் சட்டென்று விடுவார். போகப்போக மிதி மாறியது. பூப்போல இறங்கி, நான் சொல்கிற வரைக்கும் நின்று, பையத் திரும்பியது. எனக்கோ வேலை சுலபமாகிவிட்ட சந்தோஷம். "அப்படித்தாண்ணே, அமத்தி வச்சிருங்க" என்றுவிட்டு ஷாஃப்டைச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது.

தலையைத் திருப்பினால், கராஜ் வாசலில் தண்ணீரை மிதித்துக்கொண்டு இரண்டு கால் உள்ளே வருகிறது. அண்ணனுடைய கால். அதே செருப்பு, அதே மடித்துவிட்ட காற்சட்டை. சீட்டில் இருக்கவேண்டிய மனுஷன் றோட்டிலிருந்து வருகிறார், என் மூக்குக்கு நேரே லீவர் அமுங்கியபடியே இருக்கிறது. அதோடு அது லேசாக நடுங்கியது. வெகுநேரம் மிதித்துக்கொண்டே இருக்கிற கால் நடுங்குமே, அப்படி. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எப்படி வெளியே உருண்டு வந்தேன் என்று தெரியாது.

"எங்கண்ணே போனீங்க?"

"ஆஸ்பத்திரியிலருந்து கொழுந்தியா போன் அடிச்சுச்சு. இங்க டவர் கெடைக்கல, வளைவுக்கு ஓடிட்டேன். சொல்லிட்டுத்தானே போனேன், ஒனக்குக் கேக்கலியா? லெச்சுமிக்குக் காய்ச்சல் கூடிருச்சாம், கால் கால்னு பெனாத்துறாளாம்."

"அப்ப இவ்வளவு நேரம் பெடல அமத்துனது யாரு?"

அவர் என்னைக் குடித்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கதவைத் திறந்து காட்டினேன். சீட்டில் யாரும் இல்லை. பெடல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. கையை விட்டுத் தூக்கினேன், வரவில்லை. அண்ணனும் சேர்ந்து இழுத்தார், ம்ஹூம். எங்கேயாவது சிக்கியிருக்குமென்று பயத்தோடே திரும்ப அடியில் போய்ப் பார்த்தேன், ஒரு சிக்கலும் இல்லை, ஸ்பிரிங் இழுத்துக்கொண்டுதான் நின்றது. அண்ணன் அந்தப் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கீழ படுத்து வேல செஞ்சா அவதான் மேல ஒக்காந்து அமத்துவா. அவள விட்டா வேற யாருக்கும் பதமா மிதிக்கத் தெரியாது."

பெடல் விடாத காரை எப்படி ஓட்டுவது? போட்டது போட்டபடி கிடக்க, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். போர்வை இடதுபக்கம் முட்டுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. முட்டுக்கு மேலே இருந்த தொடை மட்டும் மெத்தையை அழுத்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியது. நான் வாயே திறக்கவில்லை, சாமி சத்தியமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவே கண்ணைத் திறந்தார்.

"தம்பி, எம்புட்டு நேரம்யா அமத்திக்கிட்டே இருக்குறது? கால் கடுக்குது. விடச் சொல்லவே இல்லியே நீ."

அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் கட்டிலோரம் குனிந்தேன். ஒருவழியாக, "விடுங்கக்கா" என்றேன். தொடை தளர்ந்தது. ஒரு பெருமூச்சு விட்டார், அப்படியே தூங்கிவிட்டார். தங்கச்சிக்காரி, காலையிலிருந்து பொட்டுத் தூக்கமில்லாத அக்கா இப்போதுதான் தூங்குகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்டின கால் வலிக்கிற மாதிரி இருப்பது சகஜம்தானாம், நர்ஸ் சொன்னாள். வலிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? பூண்டுலோயாவில் இருக்கிற பெடலை அது எப்படி அமத்தும்?

நாங்கள் திரும்பி வந்தபோது பெடல் தானாக மேலே வந்து நின்றிருந்தது. ஸ்டார்ட் பண்ணி ஓட்டினேன், அப்படி ஒரு கிளட்ச் நான் அதுவரை அட்ஜஸ்ட் பண்ணியதில்லை. மறுநாள் காலை அண்ணன் குளித்து, திருநீறு பூசி, முன்சீட்டில் கம்பளி விரித்து எடுத்தார். நானும் கூடப் போனேன். நானுஓயா ஸ்டேஷன் தாண்டும்போது போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. காரை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். நான்தான் எடுத்தேன். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம். எந்த வேனில் ஏறமாட்டேன் என்றாரோ அதில்தான் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம், அந்தக் கார் பின்னாலே வெறும் சீட்டோடு வந்தது.

இது நடந்தது போன மழைக்காலம். இப்போதும் அண்ணன் அடிக்கடி காரோடு வருகிறார். ஒரு கோளாறும் இருக்காது. அவரே ஜாக்கி வைத்துத் தூக்குவார். கதவைத் திறந்துவைத்து வெளியே நின்றுகொள்வார். "ஒரு தடவ சொல்லிப் பாரு தம்பி" என்பார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒருநாள் கேட்டார், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நீ விடச் சொன்ன பெறகுதானே போனா. சொல்லாம இருந்திருந்தா?"

பாவி மனுஷன்! வலியில் துடித்தவளை நான் வேறு என்ன செய்யச் சொல்லியிருக்க வேண்டும்? ராத்திரி படுத்தால் அதுதான் காதில் கேட்கிறது. பேயைப் பற்றிய பயமெல்லாம் இல்லை எனக்கு, இந்தக் கேள்விதான்.

போன கிழமையும் வந்தார். அடியில் படுத்து, அவருடைய இரண்டு காலும் வெளியே தரையில் நிற்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு, "அமத்துங்கக்கா" என்று கூப்பிட்டேன். லீவர் அசையவில்லை. மேலேயிருந்து அண்ணன், "இன்னொரு தடவ" என்றார். கூப்பிட்டேன்.