ஐந்து என்று சொன்ன கஸ்பார்

ஆட்களை எண்ணும்போதெல்லாம் கஸ்பாருக்கு ஒருவர் கூடுதலாக வந்தார். சாப்பிட உட்கார்ந்தால் வீட்டில் இருப்பது மூன்று பேர்தான்: அவர், மனைவி ஜானட், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் கிறிஸ்டினா. அவர் எடுத்து வைக்கிற தட்டு நான்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் பெஞ்சில் இருப்பவர்களைக் கண்ணால் எண்ணிக்கொண்டே போவார். கடைசி ஆளின் பக்கத்தில் இன்னொருவர் நீல நிற உடுப்போடு உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். திரும்பப் பார்த்தால் வெறும் பெஞ்சு. இரண்டு வருஷமாக இப்படித்தான்.

அதற்கு முன்பு அவருடைய பிழைப்பே எண்ணுவதுதான். எண்ணூர் சாலையில் ஒரு தனியார் எண்ணெய்க் கிடங்கு. அங்கே பெரிய தொட்டிகளைக் காலி செய்து, அடியில் தங்கிய கசடை வழித்தெடுக்க ஒப்பந்த ஆட்களை உள்ளே இறக்குவார்கள். தொட்டியின் வாயில் ஒருவர் நிற்க வேண்டும். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் கஸ்பார்.

அன்று ஐந்து பேர் இறங்கியிருந்தார்கள். மதியம் இரண்டு நாற்பதுக்கு வாயு அபாயச் சங்கு அலறியது. உள்ளே இருந்தவர்கள் இருமிக்கொண்டும் தடுமாறிக்கொண்டும் வெளியே வந்து விழுந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நீல உடுப்பு, முகமெல்லாம் கறுப்பு. மேலதிகாரி வாக்கி-டாக்கியில் "எத்தனை? எத்தனை?" என்று கத்தினார். கஸ்பார் ஒரே பார்வையில் எண்ணி "அஞ்சு" என்றார். ஆனால் பக்கத்துத் தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் உதவிக்கு ஓடி வந்து அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். அவரையும் சேர்த்துத்தான் ஐந்து. பதினோரு நிமிஷம் கழித்து யாரோ "திருமலை எங்கடா?" என்று கேட்டார்கள்.

முகமூடி போட்ட மீட்பு ஆட்கள் வந்து திருமலையை வெளியே கொண்டுவந்தபோது மணி மூன்று இருபது. உயிர் இல்லை.

மறுநாள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கஸ்பாரின் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். விபத்து நடந்தது மூன்று மணிக்கு மேல் என்றும், பத்திரமாக வெளியே வந்த திருமலை தொட்டிக்குள் மறந்துவிட்ட போனை எடுக்கத் தானாகவே மறுபடி உள்ளே போனார் என்றும் அதில் இருந்தது. கஸ்பார் அதைப் படித்தார். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை. காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கச் சேர்ந்தார். விடிவதற்கு முன்னால் போய்விட்டு மூன்று மணிக்கு வீடு திரும்பலாம். அங்கே எதையும் எண்ணத் தேவையில்லை.

ஜானட் சாயங்காலத்தில் வீட்டு முன்னறையில் டியூஷன் எடுத்தாள். ஐந்தாவது, ஆறாவது படிக்கிற பிள்ளைகள்கூட எட்டும் ஏழும் எத்தனை என்று கேட்டால் விரலை மடக்கினார்கள். கிறிஸ்டினாவும் அப்படித்தான். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்பார், கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் ஆடிய பழைய சீட்டுக்கட்டைப் பரணிலிருந்து எடுத்து வந்தார்.

ஆட்டம் சுலபம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு சீட்டை ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். கறுப்பும் கறுப்பும் விழுந்தால் கூட்டல். சிவப்பும் சிவப்பும் விழுந்தால் பெருக்கல். நிறம் மாறி விழுந்தால் பெரியதில் சின்னதைக் கழிக்க வேண்டும். ஜாக்கி பதினொன்று, ராணி பன்னிரண்டு, ராஜா பதின்மூன்று. முதலில் விடையைக் கத்துகிறவருக்கு இரண்டு சீட்டும். பிள்ளைகள் அதற்கு 'டக்கு' என்று பேர் வைத்தார்கள். பத்தே நாளில் சந்து முழுக்க "நாப்பத்திரெண்டு!", "அறுபத்தாறு!" என்று கூச்சல்.

ஒரு பையனின் அம்மா சண்டைக்கு வந்தாள். "இன்னா ஜானட்டு, படிக்க அனுப்ச்சா சீட்டாட வுட்டுகினு கீற?"

"அரையாண்டு பரிட்ச வரிக்கும் பொறு. அப்பறமா வந்து கத்து," என்றாள் ஜானட். பரீட்சைக்குப் பிறகு அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. தன் தங்கை மகனையும் சேர்த்து அனுப்பினாள்.

கஸ்பார் ஒரு விதி மட்டும் விடாப்பிடியாக வைத்திருந்தார். விடை சொன்னவர் உடனே சீட்டை எடுக்கக் கூடாது. எதிரில் இருப்பவர் நிதானமாக ஒரு முறை கணக்குப் போட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆட்டத்தின் வேகமே போய்விடுகிறது என்று முனகினார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், சீட்டுப் பிரிப்பதற்காகப் பிள்ளைகளை எண்ணினார். ஒன்பது வந்தது. எட்டுப் பேர்தான் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். வழக்கமான தொல்லைதான் என்று நினைத்து எட்டுக் கட்டாகப் பிரித்து வைத்தார்.

"இன்னாங்க, ஒம்போது பேரு கீறாங்க. ஒரு பொண்ணுக்கு வெக்கலியே," என்றாள் ஜானட்.

கதவோரம் ஒல்லியாக ஒரு சிறுமி நின்றிருந்தாள். போன மழைக்காலத்தில் சடையங்குப்பத்தில் வீட்டுக்குள் வெள்ளம் வந்து, இங்கே திருவொற்றியூரில் மாமா வீட்டோடு வந்து தங்கியிருப்பதாகச் சொன்னாள். கையில் இருந்த நோட்டின் அட்டையில் 'தி. ஷாலு' என்று எழுதியிருந்தது.

"அப்பா பேரு இன்னாம்மா?"

"திருமலை. செத்துப்ட்டாரு அங்கிள்."

ஒன்பதாகப் பிரிக்க எடுத்த சீட்டுகள் கஸ்பாரின் கையிலிருந்து நழுவித் தரையில் சிதறின. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் குனிந்து பொறுக்குவதற்கு நெடுநேரம் ஆயிற்று.

ஷாலுவைப் போல அந்த ஆட்டத்தை ஆடியவர் யாரும் இல்லை. சீட்டு விழும் சத்தமும் அவள் விடையும் ஒன்றாகவே வரும். ஒரு முறைகூடத் தவறவில்லை. அவள் நெற்றியைச் சுருக்கும்போது அப்படியே திருமலை. அப்போது கஸ்பார் சீட்டுக் கலைப்பது போலக் குனிந்துகொள்வார். வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. மூன்று வாரம் இப்படியே ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை ஷாலு அவரிடம் கோபித்துக்கொண்டாள். "நான் கரீட்டாதானே சொல்றேன்? அப்பறம் எதுக்கு அங்கிள் இன்னொரு வாட்டி எண்ணணும்?"

"வேகமா எண்ணுனா தப்பு வரும்மா."

"எனுக்கு வராது. எங்கம்மாதான் ஒண்ணையே நூறு வாட்டி எண்ணும். அன்னிக்கு ஆறு வாட்டி போன் பண்ணுச்சாம். அந்தப் போன எடுக்கத்தான் அப்பா திரும்பி உள்ள போனாராம். ஒரு வாட்டி பண்ணிட்டு வுட்டுருந்தா போயிருக்க மாட்டார்னு சொல்லிச் சொல்லி அழுவும். இப்போ போன் அடிச்சாலே அம்மா காத மூடிக்கும்."

கஸ்பார் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். போன் உள்ளே போகவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் எல்லோருடைய போனையும் வாங்கிப் பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைத்தவரே அவர்தான். மூன்று ஐந்துக்கு, மீட்பு ஆட்கள் முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கூடைக்குள் ஒரு போன் அடித்தது. திரையில் 'செங்கொடி' என்று பேர். ஆறு முறை அடித்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது, செத்தவனுக்கு இனி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கும் ஒருத்தி அந்தப் பொய்யை இரண்டு வருஷமாகத் தலையில் சுமந்துகொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. ஜானட்டிடம் முதன்முறையாக முழுவதையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டுச் சிதறிக் கிடந்த சீட்டுகளை அடுக்கி வைத்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழம பூச முட்ச்சிட்டு போங்க. நானும் வரேன்," என்றாள்.

ஷாலுவின் மாமா வீட்டு வாசலில் செங்கொடி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா, வாங்கக்கா. ஷாலு எதுனா வம்பு பண்ணிச்சா?" என்று சிரித்தாள்.

கஸ்பார் உட்காரவில்லை. "திருமல திரும்பி உள்ள போவலம்மா. அவன் வெளியவே வர்ல. நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் முதலிலிருந்து சொன்னார். சங்கு அலறியது, ஐந்து என்று சொன்னது, பதினோரு நிமிஷம், கூடை, கையெழுத்து.

"போன் உள்ள இருந்துதுன்னு சொல்லித்தான குட்த்தாங்க," என்றாள் செங்கொடி.

"வெச்சிருக்கியா? எட்த்தாந்து பாரு. அந்தத் தொட்டிக்குள்ள எறங்குன எது வெளிய வந்தாலும் கறுப்பாதான் வரும்."

அவள் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். இரண்டு வருஷமாகப் பிரிக்காத உறை. பிரித்தாள். போனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை. மோந்து பார்த்தாள். எண்ணெய் வாடையும் இல்லை.

"நான் கூப்ட்டப்போ..."

"அவன் உள்ள வுழுந்து அர மணி நேரத்துக்கு கிட்ட ஆய்டுச்சி. நீ கூப்ட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

செங்கொடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தப் பதினோரு நிமிசத்துல யாருனா போயிருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியல. பொழச்சிருக்கலாம்."

"போயிடு," என்றாள். அண்ணா என்ற சொல் போய்விட்டிருந்தது. "என் கண்ணு முன்னால நிக்காத. போயிடு."

ஜானட் அவள் பக்கத்தில் உட்காரப் பார்த்தாள். செங்கொடி கையை உதறினாள்.

திங்கட்கிழமை கஸ்பார் ஐஸ் கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனார். தான் முன்பு கையெழுத்துப் போட்டது பொய் என்று எழுதிக் கொடுத்தார். அங்கிருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இதனால உங்க மேலயே கேஸ் வரும், தெரியுமா?" என்றார். தெரியும் என்றார் கஸ்பார். ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவன் இரண்டு முறை ஐஸ் கம்பெனிக்கு வந்து, "குடும்பம் குட்டினு கீற. கம்முனு இருந்துட்டு போ மாமு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஷாலு டியூஷனுக்கு வருவது நின்றுபோனது. மற்றப் பிள்ளைகள் ஆடினார்கள். கஸ்பார் சீட்டுப் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். விடை எதுவும் வருவதற்கு முன்னால் ஒரு சிறுமியின் குரல் அவர் காதில் விடை சொல்லும். எப்போதும் சரியான விடை. அந்த மழைக்காலம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் செங்கொடியே வந்தாள். ஷாலு அவள் பின்னால் நின்றாள். செங்கொடி கஸ்பாரைப் பார்க்காமல் ஜானட்டிடம் பேசினாள். "இது படிப்ப எதுக்கு கெடுக்கணும், அதான் இட்டாந்தேன்." பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "விசாரணைக்கு கூப்ட்டு கீறாங்க. பத்தாம் தேதி. எங்கிட்ட வந்து சொன்னா மட்டும் போதாது. அங்க வந்து அத்தன பேர் முன்னாலயும் சொல்லணும்."

"வரேன்மா," என்றார் கஸ்பார்.

பத்தாம் தேதி அவர் போனார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஒப்பந்தக்காரரின் வக்கீல், "இரண்டு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன்?" என்று கேட்டார். அதற்கு மட்டும் அவர் செங்கொடி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது செங்கொடி கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் பையில் போன் அடித்தது. அவள் காதை மூடவில்லை. எடுத்து, "ஆங், முட்ச்சிட்டேன் ஷாலு, வந்துகினே கீறேன்," என்றாள்.

பேருந்து வந்ததும் அவள் முன்வாசலில் ஏறினாள். கஸ்பார் அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தார்.