மூன்று நட்டில் ஓடும் கார்

என் முன்பல் ஒன்று பாதி இல்லை. அதை உடைத்தவன் என் நண்பன். இடது காது சரியாகக் கேட்பதில்லை, அதற்கும் காரணம் அவன்தான். எங்கள் சர்ச் சபையில் நல்ல நட்பைப் பற்றி யாராவது சாட்சி சொல்லுங்கள் என்றால் நான் எழுந்திருக்கத் தயங்குவது இதனால்தான். வாயைத் திறந்தாலே பல் தெரிந்துவிடும்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் மோட்டார் சைக்கிளைத் திருப்புகிற ஆள். பள்ளிக்கூடம் இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, நின்றது. அதுவும் பயத்தால்தான், வாத்தியாருக்கும் பயம், வழியில் நிற்கிற பயல்களுக்கும் பயம். இதை எழுதும்போதுகூட, படித்துவிட்டு யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்றிருக்கிறது.

மலேசியாவில் கோப்பெங் பக்கம் இருந்தது எங்கள் தோட்டம். ரப்பரை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள், பிறகு அதையும் வெட்டி வீடு கட்டினார்கள். ரப்பர் ஷீட் காயவைத்த பழைய புகைக்கூடம் மட்டும் வெகுநாள் நின்றது. கும்பலுக்கு ஆள் சேர்ப்பது அங்கேதான். எங்கள் பக்கத்துக் கும்பல்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். சேருகிறவன் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். முதுகில் அடி விழும். அழாமல் வாங்கினால் நீ தம்பி. சேராதவனை மற்றவர்கள் மிதிப்பார்கள் என்ற பயத்தில் நானும் ஒரு சாயங்காலம் போய் நின்றேன்.

என் முறை வந்தபோது அவன் முன்னால் வந்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன், ஏற்கெனவே உள்ளே இருப்பவன். முதுகில் அடிக்கவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பி வாயிலேயே குத்தினான். பல் உடைந்து நாக்கில் கிடந்தது. நான் அழுதுவிட்டேன்.

"சர்ச்சுக் கோழி லா இவன்," என்று அவன் சிரித்தான். "போலீஸ் ஒரு அறை விட்டா நம்ம எல்லார் பேரையும் சொல்லிடுவான். இவன் வேணாம்."

எல்லாரும் சிரித்து என்னை விரட்டினார்கள். வருடக்கணக்காக அதை அவமானம் என்றே வைத்திருந்தேன். அன்று என்னோடு சுவரைப் பார்த்து நின்றவர்களில் சிலர் சிறையில், சிலர் மண்ணுக்குள் என்று ஆன பிறகுதான் அந்தக் குத்து எனக்கு வேறு மாதிரி வலிக்க ஆரம்பித்தது.

பிறகு நான் ஈப்போவுக்கு வந்து ஒரு சீன முதலாளியின், தௌக்கே என்போம், டயர் கடையில் சேர்ந்தேன். பல்லை உடைத்தவனும் வந்தான், அங்கேதான் நெருக்கமானோம். இழுவை லாரி ஓட்டினான், நம்பரையும் விடவில்லை. சபை மூப்பர் என்னைக் கூப்பிட்டு, கெட்ட சகவாசம் நல்லவனையும் கெடுக்கும், அவனை விட்டுவிடு தம்பி என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் கையில் முதல் பியர் டின்னைத் திணித்தவன் இவனல்ல, சபையில் கிட்டார் வாசித்தவன். அந்தக் கிட்டார்காரனோடு இருந்த வரை வீட்டில் என் வாய் நாறியது, கை ஓங்கியது. அவனைத்தான் விட்டேன்.

இவனோடு ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை புந்தோங்கில் ஒன்றாகத் தேநீர் குடிப்போம். அவனுடைய ஆட்கள் வந்து உட்கார்ந்தால் நான் எழுந்துவிடுவேன். "பாஸ்டரு கெளம்பிட்டாரு," என்பான். ஒருமுறை பாகான் செராயிலிருந்து ஈப்போ வரை சக்கரத்தில் நான்குக்குப் பதில் மூன்றே நட்டோடு கார் ஓட்டி வந்ததைப் பெருமையாகச் சொன்னான். அன்றிலிருந்து, வீட்டுக்குப் போய்விட்டாயா என்று தினமும் இருட்டியதும் போன் செய்வேன். என் பொண்டாட்டிகூட இப்படி அரிக்க மாட்டாள் என்று திட்டுவான். ஆனால் போனை எடுக்காமல் இருந்ததில்லை.

அவன் கூடப் பிறந்த தம்பியை வேறொரு நம்பர்க்காரர்கள் வெட்டினார்கள். சாப்பாட்டுக் கடையில், பட்டப்பகலில், தட்டில் கை இருக்கும்போதே. மருத்துவமனையில் நான் பார்த்தேன். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். நண்பன் தலைமாட்டில் நின்று அந்தக் கையையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை. அன்றிலிருந்து நான் தூங்கவில்லை என்றே சொல்லலாம்.

அடுத்த வாரம் மதியம், மழை விட்டிருந்த நேரம், அவனுடைய கார் எங்கள் கடைக்குள் நுழைந்தது. பின்னால் இரண்டு பேர்.

"மச்சான், பின்னாடி வலது டயர் காத்து எறங்குது. சீக்கிரம் ஒட்டிக் குடு."

ஸ்பேர் டயரைக் கொடு, மாட்டிவிடுகிறேன், அதுதான் சீக்கிரம் என்றேன்.

"பின்பெட்டியத் தொறக்க வேணாம்."

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கினேன், நான்கு நட்டையும் கழற்றினேன். எப்போதும் தட்டில் போடுவேன். அன்று கையிலேயே வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். இருக்கையில் அவன் மகளின் பாலர் பள்ளிப் பை. அதற்குப் பக்கத்தில் இருந்தவன் வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். பாராங் கத்தி கையிலிருந்து நழுவாமல் இருக்க அப்படித்தான் கட்டுவார்கள்.

"எங்க போற?"

"சாவு வீட்டுக்கு. தோட்டத்துல."

"யாரு செத்தது?"

"ஒரு கெழவன். மத்தவங்க யாருன்னு இனிமேதான் தெரியும்."

தம்பியை வெட்டியவர்கள் அந்தக் கிழவருக்குச் சொந்தம் என்பது ஊரறிந்தது, சவப்பெட்டி தூக்க வருவார்கள். ஜெபிக்க நினைத்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.  தைரியம் வந்து செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பயத்தில் கை தானாக ஓங்கி, நான்கு நட்டையும் கடைக்கு எதிரே இருந்த பெரிய சாக்கடையில் வீசியது. மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

முதல் அடி அவனுடையது. காதோடு சேர்த்து அறைந்தான். அதற்குப் பிறகு அந்தக் காதில் ஒரே இரைச்சல். விழுந்தவனை மற்ற இருவரும் மிதித்தார்கள். விலாவில், முதுகில், தலையை மூடியிருந்த விரல்களில். ஒருவன் சக்கரத்தைத் தூக்கி என் காலில் போட்டான். சிமெண்டுத் தரையில் என் ரத்தமும் கறுப்பு எண்ணெயும் கலந்து மூக்குக்கு நேரே ஓடியது இப்போதும் நினைவிருக்கிறது.

துணி சுற்றியவன்தான் நிறுத்தினான். "மத்த மூணு சக்கரத்துலயும் ஒவ்வொரு நட்டு கழட்டி இதுல மாட்டு. மூணு நட்டு போதும் லா."

நண்பன் ஸ்பானரை எடுத்தான். முன் சக்கரத்தின் நட்டில் மாட்டினான். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அவன் என்னைப் பார்க்கவில்லை. காருக்குள், அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓடாது," என்றான்.

"ஓடும். நானே ஓட்டிருக்கேன்," என்றான் துணி சுற்றியவன்.

"என் காடி. எனக்குத் தெரியும். வளைவுல சக்கரம் கழண்டுரும்."

பொய். தரையில் கிடந்த எனக்கு அது பொய்யென்று தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

அதற்குள் தௌக்கே இரும்புக் குழாயோடு வந்து போலீஸ், போலீஸ் என்று கத்தினார். கூட வந்த இருவரும் பின்பெட்டியைத் திறந்து கத்திகள் இருந்த சாக்கு மூட்டையை எடுத்தார்கள். போன் போட்டார்கள், வேறு கார் வந்தது, ஏறிப் போனார்கள். கூப்பிட்டும் நண்பன் போகவில்லை. அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்து, "காதுல ரத்தம் வருது," என்றான். பிறகு தௌக்கேயின் வேனில் என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனான்.

தோட்டத்து வாசலில் சவப்பெட்டியை நடுரோட்டில் போட்டுவிட்டுத்தான் வெட்டிக்கொண்டார்களாம். துணி சுற்றியவன் அங்கேயே செத்தான். சுற்றி வளைத்ததும் கத்தியைக் கீழே போட நினைத்தானாம், கையோடு கட்டியிருந்ததால் போட முடியவில்லை என்றார்கள். இன்னொருவன் சிறையில்.

நண்பனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "நான் கூட இருந்திருந்தா அவன் செத்திருக்க மாட்டான். நீ நல்லாரு." அதோடு பேச்சு நின்றது. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. ஆனாலும் இருட்டியதும் செய்தேன்.

மூப்பர் வந்து என் வீங்கிய முகத்தைப் பார்த்தார், ஜெபித்தார். இன்னுமா அந்தச் சிநேகம் என்று கேட்டார். நல்ல நண்பனாக இருப்பது என்றால் நாலு வசனம் சொல்லிச் சபைக்கு அழைத்து வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் அவனுக்கு வசனம் எதுவும் சொன்னதில்லை. போகாமல் இருக்க அவனுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, அதை என் கை வீசியது, அவ்வளவுதான். செத்தவனும் யாரோ பெற்ற பிள்ளை. அவனுக்காக நட்டை வீச ஒருவனும் இல்லாமல் போனதே என்று கேட்டேன். மூப்பர் போகும்போது என் தலையில் கை வைத்து, அந்த நண்பன் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார், ஜெபத்தில் வைப்பதற்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் அவன் கார் வந்தது. பஞ்சர் எதுவும் இல்லை, டயர் மாற்றிப் போட வேண்டுமாம். முன் இருக்கையில் மகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நான் ஜாக்கியை எடுத்தேன். அவன் என் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டான்.

"நட்டுல நீ கை வைக்காதே லா."

தானே கழற்றினான். வேலை முடியும்வரை எல்லா நட்டையும் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து மூடிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றான். அன்று இருட்டியதும் போன் செய்தேன். எடுத்தான். வீட்டில்தான் இருந்தான்.