கண்ணாடிக்கூட்டில் கட்டெறும்பு ராணி

ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும். அப்படியொரு நிபந்தனையை, பார்த்துப் பார்த்தே வாழ்ந்த மனிதர் என்ன செய்வார்?

அஹமது கபீர் அப்படி வாழ்ந்தவர். ஷார்ஜாவில் ஒரு கிடங்கின் கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தே அவருக்குத் தலை நரைத்தது. ஊர் திரும்பி, மன்னார்குடியில் தார்ப்பாயும் சாக்கும் விற்கும் கடை போட்ட பிறகும் பழக்கம் போகவில்லை. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். பாதித் தெரு போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். உயிர்களிடம் இரக்கம் மிகுந்தவர் என்றும் சொல்ல முடியாது. சாக்குக் கட்டில் படுக்க வரும் பூனைக்கென்றே ஒரு குச்சி வைத்திருந்தார்.

கோடைமழை ஓய்ந்த ஒரு மாலை, கடை ஷட்டருக்கடியில் இறகு உதிர்ந்த பெரிய கட்டெறும்பு ஒன்று ஊர்ந்தது. வீட்டில் எறும்பு வளர்ப்பவர்களின் வீடியோக்களைச் சில நாட்களாகப் பார்த்து வந்ததால் அது ராணி என்று தெரிந்துகொண்டார். அவர்கள் சொன்னபடியே ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் தண்ணீர் விட்டு, பஞ்சால் அடைத்து, இந்தப் பக்கம் ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடினார். இருட்டில் வை, தொடாதே, பார்க்காதே என்றும் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் அவர் கேட்கவில்லை. முட்டை கண்ட நாள் முதல் டார்ச் அடித்து அடித்துப் பார்த்தார். ஒரு காலையில் முட்டைகளைக் காணோம். ராணியே தின்றிருந்தது.

"பயந்தா அப்படித்தான் தின்னுடுமாம்" என்றார் மனைவி கமருன்னிஸாவிடம்.

"மூஞ்சியில இப்படி டார்ச் அடிச்சா நானே எதையாவது தின்னுடுவேன்."

ராணி மறுபடியும் முட்டையிட்டது. இந்தத் தடவை பீரோவிலிருந்த அந்துருண்டைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, புடவைகளுக்கு நடுவே குழாயைப் படுக்கவைத்தார். சாவியைக் கமருன்னிஸாவிடமே கொடுத்துவிட்டார். முதல் பிள்ளைகள் வெளிவரும்வரை ராணி இரை தேடாது. பறக்க உதவிய தசையைத் தன் உடம்புக்குள்ளேயே கரைத்து அவற்றை வளர்க்கும். ஒரு முறை தோற்றாகிவிட்டது. இதுவும் போனால் கரைப்பதற்கு அந்த உடம்பில் மிச்சம் இருக்குமா என்பதே சந்தேகம்.

ஆடியில் ஒருநாள் பீரோவை மூடிவிட்டு வந்த கமருன்னிஸா சொன்னார்: "நெல்லு மாதிரி அஞ்சாறு கெடக்குங்க. உமியோட."

கூட்டுப்புழு. இன்னும் சில நாட்கள்தான்.

அந்த வாரமே நிலைக்கதவில் கரையான் மண் தட்டியது.

"வெள்ளிக்கிழமை மருந்தடிக்க வர்றாங்க. சாயங்காலம் வரைக்கும் உள்ள யாரும் இருக்கக் கூடாதாம்."

"வேற நாள் சொல்லக் கூடாதா?"

"உங்க ராணிக்காகக் கரையான் வாயை மூடிக்கிட்டு நோன்பு இருக்குமா?"

மருந்து நெடி பீரோவுக்குள்ளும் போகும். கடையில் வைக்கலாமென்றால் தகரக் கூரை. ஆடி வெயிலுக்கு மதியம் அடுப்பாகிவிடும். கமருன்னிஸா நீடாமங்கலத்துக்கு, அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினார். அந்தக் குலுக்கலில் குழாயை அனுப்பக் கபீருக்கு மனம் வரவில்லை. கைக்குட்டையில் சுற்றித் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். சாய்ந்தால் தண்ணீர் பஞ்சைத் தாண்டிக் கசியும், புழுக்கூடுகள் நனையும். கூட்டை உள்ளங்கையில் மட்டமாக ஏந்தியபடி, தளும்பத் தளும்ப நிறைந்த தேநீரைக் கொண்டுபோகிறவர்போல் பள்ளிவாசலுக்கு நடந்தார்.

தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது கூட்டைத் திண்டில் வைக்க வேண்டியிருந்தது. முகம் கழுவி நிமிர்ந்தால், அது ஷேக் பரீதின் கையில் இருந்தது. பரீத் கமருன்னிஸாவின் தம்பி.

"என்ன மச்சான், கண்ணாடிய இப்படிப் போட்டுட்டீங்க? யாராவது தட்டி விட்டுட்டா?" என்று சொல்லிக்கொண்டே கூட்டைச் செங்குத்தாகத் திருப்பிக் கபீரின் சட்டைப்பைக்குள் நுழைக்கப் போனான்.

"வை! கீழ வைடா!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரீத் வைத்துவிட்டான். "தங்கமா வச்சிருக்கீங்க?"

கபீர் கூட்டை எடுத்து மட்டமாகப் பிடித்தார். திறந்து பார்க்க விரல்கள் துடித்தன. நனைந்திருக்குமா? ராணி மிரண்டிருக்குமா? திறந்தால் வெளிச்சம் படும். திறக்கவில்லை.

உள்ளே இமாமின் பயான், வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு, முடியும்வரை கூடு மடியில் கிடந்தது. அடுத்து எழுந்து நிற்க வேண்டும், குனிய வேண்டும், நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். பையில் போட்டால் தலைகீழாகும். தரையில் வைத்தால், தோளோடு தோள் ஒட்டிய வரிசையில் யார் காலாவது படும். ஜன்னல் திண்டைப் பார்த்தார். யாரோ சிந்திய பேரீச்சம்பழத் துணுக்கைச் சுற்றிச் செவ்வெறும்புகள் சாரை போட்டிருந்தன. அங்கே வைத்தால் பஞ்சைக் குடைந்து உள்ளே போய்விடும். வேறெங்கே தனியே விட்டாலும் பரீத் மாதிரி யாராவது எடுத்துத் திருப்பிவிடுவார்கள்.

கடைசி வரிசைக்குப் பின்னால், முடியாதவர்களுக்கென்று நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கபீருக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. போன மாதம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பரீத் அதில் உட்கார்ந்தபோது, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டிருந்தார்: "லேசா முட்டி வலிச்சா நாற்காலியா? இப்படியே போனா பள்ளிவாசல் கல்யாண மண்டபமாயிடும்." நிற்கத் தெம்புள்ளவன் நின்றே தொழ வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

தொழுகை தொடங்குவதற்கான இகாமத் சொன்னார்கள். எல்லோரும் எழுந்தார்கள். பரீத் பக்கத்தில் இடம் விட்டு, "வாங்க மச்சான்" என்றான்.

கபீர் பின்னால் நடந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கூட்டை மடியில் மட்டமாக வைத்துக்கொண்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பரீத் காத்திருந்தான். "மண்டபத்துல பந்தி எப்ப போடுவாங்க மச்சான்?" இரண்டு பேர் சிரித்தார்கள். கபீர் கூட்டை ஏந்தியபடி படியிறங்கிப் போனார்.

புதன்கிழமை கமருன்னிஸா பீரோவுக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். வெளிறிய குட்டி எறும்பு ஒன்று, நிற்கத் தெரியாத கால்களோடு, ராணியின் மேல் சாய்ந்திருந்தது. கபீர் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தானே கதவைச் சாத்தினார்.

அடுத்த வெள்ளி அவர் வழக்கம்போல் முன்வரிசையில் நின்றார். தொழுகை முடிந்ததும் பரீத் விடவில்லை. இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "நெசமாவே முட்டிதானா மச்சான்? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எறும்பு என்று சொல்லியிருந்தாலும் முடிந்திருக்கும், ஊர் ஒரு வாரம் சிரித்திருக்கும்.

"முட்டிக்கு ஒண்ணுமில்ல" என்றார் கபீர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, அன்றும் பிறகும்.